ஒன்றோடு ஒன்று சேராத உரிமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் எந்த மென்பொருளும் வெளியே போவதற்கு முன், அதில் கலந்திருக்கும் திறமூல நிரல்களின், அதாவது யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்களின், உரிமங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆள் மாறி ஆள் வந்தாலும் கேட்கப்படும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. நான் வழக்கறிஞர் அல்ல. பெரிய பணம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போனால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

எல்லாமே திறமூலம்தானே? எதையும் எதோடும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

முடியாது. ஒரு வீட்டின் பாதியை ஒருவர் இனாமாக எழுதிக் கொடுக்கிறார்: ‘வாசலில் என் பெயர்ப்பலகை தொங்க வேண்டும்’ என்பது அவருடைய நிபந்தனை. மறுபாதியை இன்னொருவர் கொடுக்கிறார்: ‘நான் சொன்னதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது’ என்கிறார். இருவரும் தாராளமானவர்கள்தான். ஆனால் இரண்டு பாதியையும் சேர்த்து உங்களால் குடியிருக்க முடியாது.

உரிமங்கள் பொருந்தாமல் போவதும் இப்படித்தான். இதில் நல்ல உரிமம், கெட்ட உரிமம் என்ற பேச்சே இல்லை. இரண்டு நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழி இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

உரிமங்களில் எத்தனை வகை? அதை முதலில் சொல்லுங்கள்.

வேலைக்கு உதவும் அளவில் மூன்று. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்றவை ‘என் பெயரை அழிக்காதே, பிறகு உன் இஷ்டம்’ என்பவை. எம்பிஎல், எல்ஜிபிஎல் போன்றவை ‘என்னுடைய பகுதி திறந்தே இருக்கட்டும், உன்னுடையது உன் பாடு’ என்பவை. ஜிபிஎல், ஏஜிபிஎல் ஆகியவை ‘என்னோடு சேர்ந்து ஒரே படைப்பாக ஆன அனைத்தும் என் உரிமத்திலேயே வெளிவர வேண்டும்’ என்பவை. கடைசி இரண்டு வகைகளையும் காப்பிலெஃப்ட் என்றும் அளிப்புரிமை என்றும் சொல்கிறார்கள்; நடுவில் இருப்பது மென்மையானது, கடைசியில் இருப்பது கடுமையானது. தகராறுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு தரப்பாக நிற்பது இந்தக் கடைசி வகைதான்.

‘பொருந்தாது’ என்கிறீர்களே, எந்த வரி எந்த வரியோடு இடிக்கிறது?

1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் ஆறாவது பிரிவில் இருக்கிறது அந்த வரி: இந்த உரிமம் தரும் உரிமைகளைப் பெறுபவர்மீது மேற்கொண்டு எந்தக் கட்டுப்பாடும் விதிக்கக் கூடாது. முதல் கேள்வியில் வந்த இரண்டாவது வீட்டுக்காரர் இவர்தான். முதல் வீட்டுக்காரர், பழைய பிஎஸ்டி உரிமம். மென்பொருளைக் குறிப்பிடும் எல்லா விளம்பரங்களிலும் ‘கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி உருவாக்கிய மென்பொருள் இதில் இருக்கிறது’ என்று போட வேண்டும் என அது கேட்டது. அது ஜிபிஎல் பார்வையில் கூடுதல் கட்டுப்பாடு. அவ்வளவுதான், இரண்டும் சேராது.

நடைமுறையிலும் அந்த விதி தொல்லை கொடுத்தது. பல்கலைக்கழகத்தைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பெயரைப் போட்டு அதே வரியை எழுதிக்கொண்டார்கள். நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் இப்படிப்பட்ட 75 வாசகங்களை, ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்டு ஸ்டால்மன் எண்ணியிருக்கிறார். விளம்பரத்தில் 75 வரி நன்றியுரை! 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த விதியை விலக்கிக்கொண்டது. இன்று நாம் பிஎஸ்டி என்று சொல்வது பெரும்பாலும் அந்த வரி நீங்கிய வடிவத்தைத்தான்.

இடிப்பதற்குப் பெரிய விதிதான் வேண்டும் என்பதில்லை. பைதான் 1.6இன் உரிமத்தில் ‘வர்ஜீனியா மாநிலச் சட்டப்படி’ என்று ஒரு வரி இருந்தது. அதுவும் கூடுதல் கட்டுப்பாடுதான் என்று எஃப்எஸ்எஃப் என்னும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொன்னது. பேசித் தீர்த்து, 2001இல் வந்த 2.0.1 பதிப்பு பொருந்தும் உரிமத்தோடு வெளிவந்தது.

எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்தில் சேர்க்கலாம் என்றால், ஜிபிஎல் நிரலை எம்ஐடி திட்டத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் சேர்த்த பிறகு மொத்தமாக வெளியே போவது ஜிபிஎல் திட்டமாகத்தான் போகும். பொருத்தம் என்பது ஒருவழிப் பாதை. நிபந்தனை குறைவான இடத்திலிருந்து கூடுதலான இடத்துக்கு நிரல் பாயும், எதிர்த்திசையில் பாயாது.

இதற்கு லிப்ரே ஆபீஸ், ஓப்பன் ஆபீஸ் என்ற இரண்டு அலுவலக மென்பொருள்களின் கதையை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து லிப்ரே ஆபீஸ் உருவானது. அடுத்த ஆண்டு ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அது அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. லிப்ரே ஆபீஸ் எம்பிஎல், எல்ஜிபிஎல் பக்கம் நின்றது. விளைவு: ஓப்பன் ஆபீஸில் நடக்கும் நல்ல திருத்தத்தை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் நடப்பதை ஓப்பன் ஆபீஸ் வேடிக்கைதான் பார்க்கலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், நடுவில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு.

ஜிபிஎல்லில் சேர்த்துவிட்ட பிறகு பழைய எம்ஐடி வாசகத்தை அழித்துவிடலாமா?

கூடாது. அந்த வாசகத்தைக் காப்பாற்றி வைப்பதுதான் எம்ஐடி கேட்கும் ஒரே காரியம். அதையும் செய்யாமல் விட்டால் எப்படி?

அப்பாச்சி 2.0 ஜிபிஎல்லோடு பொருந்தும் என்கிறார் ஒருவர், பொருந்தாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவரும் சரி, எந்த ஜிபிஎல் என்று இருவருமே சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0இல் காப்புரிமை (பேடன்ட்) பற்றி ஒரு விதி உண்டு. இந்த மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், உங்களுக்குத் தரப்பட்ட காப்புரிமை அனுமதி முடிந்துபோகும். நியாயமான விதிதான். ஆனால் ஜிபிஎல் இரண்டில் அப்படி ஒன்று இல்லை; ஆகவே அது மேலே சொன்ன ‘கூடுதல் கட்டுப்பாடு’ ஆகிறது என்பது எஃப்எஸ்எஃப்பின் கருத்து. 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை எழுதும்போதே இதற்கு இடம் வைத்து எழுதினார்கள். எனவே அப்பாச்சி 2.0 நிரல் ஜிபிஎல் மூன்றுக்குள் போகும், இரண்டுக்குள் போகாது.

இந்த இடுக்கிலிருந்து தப்பிக்கப் பலர் பல வழி கண்டிருக்கிறார்கள். ரஸ்ட் மொழி எம்ஐடி, அப்பாச்சி இரண்டையும் நீட்டி ‘எது வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்கிறது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் அப்பாச்சியை வைத்துக்கொண்டு, ஜிபிஎல் இரண்டோடு சேரும்போது இடிக்கும் விதிகளுக்குத் தனி விலக்கு எழுதிச் சேர்த்திருக்கிறது.

ஜிபிஎல் இரண்டும் மூன்றும் ஒரே குடும்பம். அவற்றுக்குள் என்ன தகராறு?

குடும்பத்துக்குள்தான் தகராறு அதிகம். இரண்டும் ‘மொத்தமும் என் பெயரில்தான் வர வேண்டும்’ என்பவை. ஒரே படைப்பு இரண்டு பேர் பெயரில் வர முடியாது. இதைத் தீர்ப்பது கோப்பின் தலைப்பில் வரும் ஒரு சிறு சொற்றொடர்: ‘அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’. அது இருந்தால் இரண்டை மூன்றாக எடுத்துக்கொண்டு சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல் இரண்டு மட்டும்தான். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியது, அத்தனை பேரிடமும் இனிக் கேட்டு மாற்றுவது நடக்கிற காரியமில்லை.

இந்தச் சொற்றொடர் இல்லாதது ஒரு திட்டத்தையே முடக்கியிருக்கிறது. டிடபிள்யூஜி வரைபடக் கோப்புகளைப் படிக்க லிப்ரேடிடபிள்யூஜி என்ற லைப்ரரியை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) எஃப்எஸ்எஃப் ஆதரிக்கும் குனு திட்டம் உருவாக்கியது. உரிமம், ஜிபிஎல் மூன்று. அதற்காகக் காத்திருந்த லிப்ரேகேட் வரைபடச் செயலியில் இரண்டாம் பதிப்பு மட்டும் என்றிருந்த நிரல் இருந்தது. உரிமத்தைத் தளர்த்தும்படி கேட்டார்கள், எஃப்எஸ்எஃப் மறுத்துவிட்டது. லிப்ரேகேட் குழுவினர் வேறொரு லைப்ரரியை எழுதிக்கொண்டார்கள். கொள்கை முக்கியம்தான், ஆனாலும் சோற்றை வடித்து வைத்துவிட்டு இலை போட மறுத்த கதையாகவே எனக்கு இது படுகிறது.

எனக்கும் ஒருமுறை இதே சொற்றொடர் உறக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் சேர்த்திருந்த ஒரு சிறிய லைப்ரரியின் அறிமுகப் பக்கத்தில் ‘ஜிபிஎல்’ என்று மட்டும் போட்டிருந்தது. வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு உள்ளே திறந்து பார்த்தேன். மொத்தம் 38 கோப்புகள். 36இல் ‘பிந்தைய பதிப்பு’ வரி இருந்தது. இரண்டில் இல்லை, ‘இரண்டாம் பதிப்பு’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தது. எங்கள் மற்ற பகுதிகளோ ஜிபிஎல் மூன்று. என்ன ஆயிற்று என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: அறிமுகப் பக்கத்தை நம்புவதில்லை, கோப்பின் தலையைப் பார்க்கிறேன்.

டைனமிக் லிங்க் செய்தால் ஜிபிஎல் ஒட்டாது என்கிறார்களே?

டைனமிக் லிங்க் என்றால், லைப்ரரியை நிரலுக்குள் பொதியாமல் ஓடும் நேரத்தில் இணைப்பது. அப்படிச் செய்தால் ஒட்டாது என்று எந்த உரிமத்திலும் எழுதவில்லை. ஒரு நிரலும் ஒரு லைப்ரரியும் ஒரே நினைவகத்தில், ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு ஓடினால் ஒரே படைப்புதான், எப்படி லிங்க் செய்தாலும் சரி என்பது எஃப்எஸ்எஃப் நிலைப்பாடு. இதை ஏற்காத வழக்கறிஞர்களும் உண்டு. நான் வேலையில் எஃப்எஸ்எஃப் சொல்வதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எதிர்வாதம் சரியா என்று என் நிறுவனத்தின் செலவில் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பழைய கதை ஒன்று. சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிக் கருவி, ஜிபிஎல்லில் இருந்த ரீட்லைன் லைப்ரரியைப் பயன்படுத்தியது. கடிதப் போக்குவரத்து நடந்தது, 1992இல் சிலிஸ்ப்பே ஜிபிஎல்லுக்கு மாறியது. லிங்க் செய்வது பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத லைப்ரரி வேண்டுமென்றால் அதற்காகவே எல்ஜிபிஎல் இருக்கிறது. அதிலும் லைப்ரரியின் திருத்திய பதிப்பைப் பயனர் மாற்றிப் பொருத்த வழி விட வேண்டும். தனித்தனியாக ஓடும் இரண்டு நிரல்களை ஒரே வட்டில், ஒரே தொகுப்பில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது மட்டும் கலப்பு ஆகாது. அதை ஜிபிஎல்லே வெளிப்படையாகச் சொல்கிறது.

இசட்எஃப்எஸ் விவகாரம் என்ன? ஏன் இன்னும் தீரவில்லை?

இசட்எஃப்எஸ் என்பது சன் நிறுவனம் உருவாக்கிய கோப்பு முறைமை. 2005இல் ஓப்பன்சொலாரிஸின் பகுதியாக சிடிடிஎல் என்ற உரிமத்தில் வெளியானது. எம்பிஎல் 1.1ஐத் தழுவி எழுதிய உரிமம் அது: என் கோப்புகள் சிடிடிஎல்லிலேயே இருக்க வேண்டும் என்கிறது. கெர்னலோ மொத்தமும் ஜிபிஎல் இரண்டில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் திறமூலம், இரண்டும் தன் பிடியை விடாதவை. நிபந்தனை குறைவான பிஎஸ்டி உலகில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 2008இல் வந்த 7.0 பதிப்பிலேயே இசட்எஃப்எஸ்ஸைச் சேர்த்துக்கொண்டது.

2016 ஏப்ரலில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் 16.04 பதிப்பு இசட்எஃப்எஸ்ஸைத் தயார்நிலை கெர்னல் கூறாகவே சேர்த்துக் கொடுத்தது. எங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துவிட்டார்கள், சரிதான் என்றது உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம். அதற்கு இரண்டு மாதம் முன்பே, அது ஜிபிஎல் மீறல் என்று மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பு அறிக்கை விட்டிருந்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பு நடுவழியைப் பிடித்தது: இயங்கு கோப்பைக் கொடுக்காமல் மூலநிரலை மட்டும் கொடுத்து, பயனர் கணினியிலேயே கட்டிக்கொள்ளச் சொல்கிறது. 2020 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஆரக்கிளின் தலைமை வழக்கறிஞரோ அதன் நிறுவனர் லாரி எல்லிசனோ கையெழுத்திட்ட கடிதம் வந்தாலொழிய கெர்னலில் சேர்ப்பதற்கில்லை என்றார். சன்னை 2010இல் வாங்கியது ஆரக்கிள்தான் என்பதால் கடிதம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

சன் வேண்டுமென்றே பொருந்தாத உரிமத்தைத் தேர்ந்தெடுத்ததா என்று கேட்பவர்களும் உண்டு. ஆமாம் என்று 2006இல் டெபியன் மாநாட்டில் சொன்னவர், அந்த உரிம வேலையில் இருந்த டனீஸ் கூப்பர். இல்லை என்று மறுத்தவர், சன்னில் திறமூலப் பொறுப்பில் இருந்த சைமன் பிப்ஸ். உள்ளே இருந்த இருவரே ஒத்துப்போகாத விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

பயனர் தன் கணினியில் தானே சேர்த்துக்கொண்டால் மட்டும் எப்படிச் சரியாகிறது?

ஜிபிஎல்லின் காப்பிலெஃப்ட் கடமை, நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. வீட்டுக்குள் எதை எதோடு கலந்து சாப்பிட்டாலும் அது கேட்காது. டெபியனின் நடுவழி நிற்பது இந்தப் புள்ளியில்தான். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் கருவிகளுக்கும் இதே பதில்.

ஆனால் ஏஜிபிஎல் நிரலை மாற்றி இணையச் சேவையாக ஓட்டினால், வலைப்பின்னல் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் மூலநிரலைத் தர வேண்டும். ‘நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, சர்வரில்தான் வைத்திருக்கிறோம்’ என்ற பதில் அங்கே செல்லாது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்காக டெபியனில் இவ்வளவு காலம் ஏன் அடித்துக்கொண்டார்கள்?

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் லைப்ரரி. அதன் பழைய உரிமத்தில் அதே விளம்பர விதி இருந்தது. மேலே பிஎஸ்டி பற்றிய பதிலைப் பாருங்கள். இயங்குதளத்தோடு வரும் அடிப்படைக் கூறுகளுக்கு ஜிபிஎல் இரண்டு விலக்கு தருகிறது. ஆனால் ‘அந்தக் கூறும் நிரலோடு சேர்ந்தே வந்தால் விலக்கு இல்லை’ என்று ஒரு வால் இருக்கிறது. டெபியன் இரண்டையும் சேர்த்தே கொடுக்கும் இடம். ஆகவே விலக்கு தனக்குப் பொருந்தாது என்று நெடுங்காலம் அது விடாப்பிடியாக இருந்தது. பல நிரல்களின் ஆசிரியர்கள் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு லிங்க் செய்ய அனுமதிக்கிறேன்’ என்று தனி வரி எழுதிச் சேர்க்க நேர்ந்தது. எழுத முன்வராத இடங்களில் அதே வேலையைச் செய்யும் குனுடிஎல்எஸ் லைப்ரரியை வைத்துச் சமாளித்தார்கள்.

2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0க்கு மாறியது. பாதித் தகராறு தீர்ந்தது. மீதிப் பாதி எது என்பது, அப்பாச்சி பற்றிய பதிலைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

‘நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்’ என்று ஓர் உரிமம் இருக்கிறதாமே? நல்லதுதானே?

ஜேசன் என்ற தரவு வடிவத்தை அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேசன் உரிமம். எம்ஐடி வாசகத்தோடு ‘இதை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்று ஒரு வரி. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் எது தீமை என்று யார் முடிவு செய்வது? எஃப்எஸ்எஃப்பும் டெபியனும் இதைக் கட்டற்ற உரிமமாகவே ஏற்கவில்லை. 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையும் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாத பட்டியலில் போட்டுவிட்டது. தீமைக்கும் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டு ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வந்ததாகவும், தான் அதையும் கொடுத்ததாகவும் கிராக்ஃபோர்டே மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து நான்கு வரி எடுத்தேன். அதற்குமா உரிமம்?

நான்கு வரிக்குப் பெரும்பாலும் கவலை வேண்டாம். யார் எழுதினாலும் அப்படித்தான் எழுத முடியும் என்ற அளவில் இருந்தால் பதிப்புரிமையே இராது. நாற்பது வரி என்றால் கேளுங்கள். அந்தக் கேள்வி-பதில் தளத்தில் எழுதப்படுபவை சிசி பை-எஸ்ஏ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. 2018 மே 2 முதல் எழுதியவை 4.0 பதிப்பு, அதற்கு முன் 2011 ஏப்ரல் வரை 3.0, அதற்கும் முந்தையவை 2.5. இதில் 4.0 மட்டும் ஜிபிஎல் மூன்றுக்குள் ஒருவழியாகப் போகலாம் என்று 2015இல் அறிவித்தார்கள். அதாவது 2014இல் ஒருவர் எழுதிய அருமையான பதில், 2019இல் இன்னொருவர் எழுதிய சுமாரான பதிலை விட உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். என் யோசனை: படித்துப் புரிந்துகொண்டு, மூடி வைத்துவிட்டு, நீங்களே எழுதுங்கள்.

தமிழ் எழுத்துருவைச் செயலியில் சேர்த்துக் கொடுக்கிறேன். ஓஎஃப்எல் உரிமம் என்றிருக்கிறது. செயலி ஜிபிஎல். சிக்கலா?

இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் உட்படப் பல தமிழ் எழுத்துருக்கள், எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓஎஃப்எல்லில்தான் இருக்கின்றன. அந்த உரிமம் ஜிபிஎல்லோடு கலக்காது என்பது உண்மை. ஆனால் எழுத்துருக் கோப்பு உங்கள் நிரலின் பக்கத்தில் இருக்கிறதே தவிர நிரலோடு கலக்கவில்லை. லிங்க் பற்றிய பதிலில் சொன்ன ‘பக்கத்தில் வைத்துக் கொடுப்பது’ இதுதான். உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள். எழுத்துருவை மாற்றினால், பெயர் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒதுக்கியிருந்தால் வேறு பெயர் வைக்க வேண்டும்.

எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் ஏதாவது ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். ‘ஹலோ வேர்ல்டு’ நிரல் ஒன்று கூட இருந்தாலே போதும் என்று எஃப்எஸ்எஃப் குறித்திருக்கிறது. பூட்டும் தொங்குகிறது, சாவியும் பக்கத்திலேயே தொங்குகிறது.

ஒரே நிறுவனம் ஜிபிஎல்லிலும் கொடுக்கிறது, காசுக்கும் விற்கிறது. அதை மட்டும் யாரும் கேட்பதில்லையே?

உரிமம் என்பது பதிப்புரிமை உள்ளவர் பிறருக்குத் தருவது. அவரையே அது கட்டாது. முழு நிரலும் தன்னுடையது என்றால் நூறு உரிமத்தில் கொடுக்கலாம். மைஎஸ்கியூஎல், கியூட்டி இரண்டும் இப்படித்தான் விற்கப்படுகின்றன. அந்த நிறுவனங்கள் வெளியாரின் பங்களிப்பை ஏற்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பதும் இதற்காகத்தான்.

பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். இனி என்ன செய்வது?

முதலில் வெளியீட்டை நிறுத்துங்கள். ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்றால் ஒளிக்காதீர்கள். ஜிபிஎல் இரண்டில் மீறியவுடன் உரிமை தானாகவே போய்விடும். மூன்றில் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு: முதல்முறை அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை நிலையாகத் திரும்பிவிடும்.

பிறகு வழிகள்: வேறு லைப்ரரியைத் தேடுவது, அந்தப் பகுதியைத் தனி நிரலாகப் பிரிப்பது, ஆசிரியரிடம் விலக்கு கேட்பது, உரிமத்தையே மாற்றச் சொல்வது. கடைசியானது பெரிய வேலை, ஆனாலும் நடந்திருக்கிறது. ஆப் ஸ்டோர் விதிகள் ஜிபிஎல்லோடு சேராது என்று விஎல்சி வீடியோ இயக்கியின் ஆசிரியர்களில் ஒருவரே புகார் செய்து, 2011 ஜனவரியில் ஐபோன் செயலி நீக்கப்பட்டது. பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி, மையப் பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். 2013 ஜூலையில் செயலி திரும்பி வந்தது.

என் 38 கோப்பு லைப்ரரிக்கு அவ்வளவு பாடுபடவில்லை. இரண்டு கோப்புகளின் ஆசிரியர்களுக்கும் அன்றிரவே கடிதம் எழுதினேன். ஒருவர் மறுநாள் காலை பதில் போட்டார்: வேறொரு திட்டத்தின் கோப்பிலிருந்து தலைப்பை நகலெடுத்தபோது அந்த வரி விட்டுப்போயிற்றாம், உடனே சேர்த்துவிட்டார். இன்னொருவரின் மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிருந்தது. அவர் எழுதியது 140 வரி, ஒரு தேதி வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் வேலை. அந்தக் கோப்பை ஒருமுறையும் பார்த்திராத சக ஊழியரிடம் என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்.